எதிர் வீட்டுப் பாட்டிக்கு எவ்வளவு பணம் கொடுக்கணும் என்று கேட்கிறான், என்ன சொல்வது?

மேடவாக்கம் அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

சென்னை மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில் இருக்கிறோம், மாடிக்கு 4 வீடு. குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பையனுக்கு 5 வயது, யுகேஜி படிக்கிறான். இளையவளுக்கு 2 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எதிர் வீட்டில் ஒரு பாட்டியும் தாத்தாவும் இருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்போம், லிஃப்ட்டில் இரண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

போன மாதம் ஒரு ராத்திரி இளையவளுக்குக் காய்ச்சல் 103 தாண்டிவிட்டது. கணவர் வெளியூரில். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கதவைப் பூட்டப் பார்க்கிறேன், பெரியவன் தூக்கக் கலக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறான், சத்தம் கேட்டு அந்தப் பாட்டி கதவைத் திறந்து வந்து, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "பையன எங்ககிட்ட விட்டுட்டு நீ கிளம்பும்மா" என்று அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டார். தாத்தா கீழே போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். காலை ஆறரை மணிக்குத் திரும்பி வரும்போது பையன் அவர்கள் வீட்டு ஹாலில் பாட்டியின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அவனுக்கு மதியத்துக்குத் தயிர்சாதமும் கட்டி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் பையன் கேட்டான்: "அம்மா, பாட்டிக்கு எவ்வளவு ஜிபே பண்ணின?"

எனக்குப் பதில் வரவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் நாங்கள் பணம் கொடுப்பதைத்தான் அவன் பார்க்கிறான்: தண்ணீர் கேன் போடுகிற அண்ணன், சாப்பாடு கொண்டுவருகிறவர், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, எல்லோருக்கும். "பாட்டிக்கெல்லாம் பணம் கொடுக்கக் கூடாதுடா, அவங்க நம்ம எதிர் வீடு" என்றேன். உடனே "எதிர் வீடுன்னா ஃப்ரீயா?" என்றான்.

அவன் பள்ளிப் புத்தகத்தில் நமக்கு உதவுபவர்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. டாக்டர், போலீஸ், தபால்காரர், தீயணைப்பு வீரர் என்று வரிசையாகப் படம். பக்கத்து வீட்டுக்காரர் படம் அதில் இல்லை. நான் வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு தெரு வீட்டில். எனக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நாலு வீட்டுக்குள்ளும் புகுந்து புகுந்து ஓடியே தெரிந்துகொண்டேன். இங்கே எல்லாக் கதவும் சாத்தியே இருக்கிறது, எங்களுடையதும்தான். இந்த வயதில் இதை எப்படிச் சொல்லித்தருவது? கதை சொல்வதா, விளையாட்டா, வேறு ஏதாவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேராவூரணி டீச்சர்:

உங்கள் பையன் கேட்டதில் தப்பே இல்லைம்மா. தான் பார்த்ததை வைத்து யோசித்துச் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். நான் 22 வருஷமாக அங்கன்வாடியில் இருக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடும். கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து "அந்த வீட்டுக்குப் போய்ட்டு வா" என்று அனுப்பிப் பாருங்கள், பத்து நாள் கழித்தும் அதையே பேசும்.

ஆனால் ஒன்று. முதலில் எதையாவது கொடுக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், எப்போதும் கொடுக்க மட்டுமே பழகிய பிள்ளைக்கு, நம்மிடம் எல்லாம் இருக்கிறது, மற்றவர்களிடம்தான் இல்லை என்ற எண்ணம் சீக்கிரம் வந்துவிடும். நம் வீட்டிலும் ஒரு பொருள் தீர்ந்துபோகும், அதைப் பக்கத்து வீட்டில் கேட்கலாம், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அது முதலில் பார்க்கட்டும். அதற்கு நான் சொல்வது உறைமோர்தான். பாட்டி வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி வரச் சொல்லுங்கள். கடையில் ஒரு கரண்டி மோர் விலைக்குக் கிடைக்காது, அதனால் உங்கள் பையனால் அதற்கு விலை கேட்கவே முடியாது. ராத்திரி பாலில் ஊற்றும்போது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுங்கள், பாட்டி வீட்டு மோர் நம் வீட்டுத் தயிராகியிருக்கும். என்றாவது அவர்கள் வீட்டில் மோர் தீர்ந்துபோனால் அதே மோர் உங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும். "ஃப்ரீயா" என்று கேட்டானே, அவனுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. (விளக்கு வைத்த பிறகு தயிர், மோர், உப்பு கொடுக்காத வீடுகள் உண்டு, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே அனுப்புங்கள்.)

அப்புறம் பாத்திரம். யார் வீட்டிலிருந்து பாத்திரம் வந்தாலும் வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள். இரண்டு வாழைப்பழமோ, ஒரு பிடி வேர்க்கடலையோ, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையோ போட்டு அனுப்புங்கள். எதைப் போடலாம் என்று பிள்ளையையே முடிவு செய்ய விடுங்கள். பாட்டிக்குக் கடலை மெல்லப் பல் இருக்குமா என்று எங்கள் மையத்தில் ஒரு நாலு வயதுப் பெண் கேட்டாள். இந்த யோசனைதான் நமக்கு வேண்டும்.

கஜா புயலின்போது நடந்ததையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்தது. எங்கள் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாமல் குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டோம், டீசல் மட்டும் அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்த வண்டிக்குப் பின்னால் தெருப்பிள்ளைகள் எல்லாம் குடத்தோடு போகும். தொட்டி இல்லாத இரண்டு குடிசை வீடுகளுக்கு அந்தக் குடத்திலிருந்துதான் தண்ணீர் போனது, சுமந்தது ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். இப்போது அவர்களுக்கெல்லாம் மீசை முளைக்கிற வயது. தெருவில் ஒரு சாவு என்றால் பந்தலுக்கு மூங்கில் தூக்க முதலில் வருவது அவர்கள்தான். புயல் வரட்டும் என்று சொல்லவில்லை. பிள்ளையை நம்பி உண்மையான ஒரு வேலையைக் கொடுங்கள் என்கிறேன்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் அப்படி இருக்காது என்றுதான் நம்புகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத்தை முகம் மலர வாங்கிவைத்துவிட்டு, சாதியை நினைத்துப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். "அந்த வீட்டுல தண்ணி குடிக்காத" என்று சொல்லி அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் தட்டைத் தள்ளிவைக்கும். மூன்று வயதில். அதை மாற்ற எனக்கு ஒரு வருஷம் முழுதாகப் பிடிக்கும், சில சமயம் அதுவும் போதாது.

---

நெல்லை அப்பா:

டீச்சரம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இருப்பது கோயம்புத்தூரில், சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 6 வயதில் ஒரு பெண்.

உதவி செய்தால் சாக்லேட், ஸ்டார் ஸ்டிக்கர் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள் சகோதரி. நாங்கள் செய்தோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேப்பரை எடுத்துக் கொடுத்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு பொம்மை. இரண்டு வாரம் ஓடி ஓடிச் செய்தாள். சார்ட்டைக் கழற்றிய மறுநாளே பேப்பர் வாசலில் கிடந்தது. பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெர்மனியில் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. பெரியவர் ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு எட்டமுடியாமல் கையை நீட்டுகிறார், அல்லது இரண்டு கையிலும் பத்திரிகைக் கட்டோடு வந்து அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறார். யாரும் சொல்லாமலே குழந்தை போய்க் கிளிப்பை எடுத்துக் கொடுக்கிறது, கதவைத் திறந்துவிடுகிறது. 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே இருவரும், உதவி செய்தபோதெல்லாம் பொம்மை கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பரிசு வாங்கிய குழந்தைகள் பரிசு நின்றதும், ஒன்றுமே வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் உதவினார்கள். எங்கள் வீட்டுச் சார்ட் கதை அப்படியே அதில் இருந்தது.

அதனால் உங்கள் பையனுக்குள் இல்லாத ஒன்றை நாம் புதிதாக ஊட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குட்டித் தங்கை பால் பாட்டிலைக் கீழே போட்டால் அவன் எடுத்துக் கொடுத்திருப்பான், அதற்கு அவன் விலை கேட்டிருக்க மாட்டான். அது வீட்டு வாசலோடு நின்றுவிடாமல் எதிர் வீடு வரை போக வேண்டும், அவ்வளவுதான்.

கதை கேட்டிருந்தீர்கள் அல்லவா, எங்கள் பெண் தினமும் கேட்கிற கதை ஒன்று உண்டு, நடந்த கதை. 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், பேய்மழையில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அந்த மழையில்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் ரயில் நகர முடியவில்லை, சுற்றிலும் வெள்ளம், உள்ளே சுமார் 800 பேர். பக்கத்தில் இருக்கிற புதுக்குடி ஊர்க்காரர்கள், அவர்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நேரத்தில், வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் எடுத்து வந்து பொங்கிப் போட்டார்கள். "அவங்களுக்கு ரயில்ல இருந்தவங்கள முன்னாடியே தெரியுமாப்பா?" என்று என் பெண் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். "அப்ப எப்படிப் பக்கத்து வீடு ஆனாங்க?" என்பாள். ரயில் அங்கே நின்றதால் ஆனார்கள் என்பேன். இப்போது நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விளையாட்டு விளையாடும்போது, நடுவில் ரயிலை நிறுத்திச் சோறு போடுகிறாள்.

---

மேடவாக்கம் அம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உறைமோர் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை டீச்சர், நாங்கள் பாக்கெட் தயிர்தான் வாங்குகிறோம், இனிமேல் வீட்டிலேயே உறை ஊற்றப்போகிறேன். ஒரு பயத்தை மட்டும் கேட்டுவிடுகிறேன். தெரியாதவர்களிடம் பேசாதே, யார் கொடுத்தாலும் வாங்காதே என்று நாங்களே அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது போய்க் கதவைத் தட்டு என்றால் குழம்ப மாட்டானா? காலம் அப்படி இருக்கிறது.

---

ஆவடி அக்கா:

இந்தப் பயம் நியாயமான பயம்மா, யாரும் அதை லேசாகச் சொல்லிவிடக் கூடாது. எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், 7 வயதும் 4 வயதும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். அதனால் "தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்று மட்டும் சொன்னால் அது பாதுகாப்பும் ஆகாது, நல்ல மனிதர்களையும் பிள்ளையிடமிருந்து தள்ளிவைத்துவிடும்.

நாங்கள் ஆளை வைத்துச் சொல்வதை விட்டுவிட்டு நடத்தையை வைத்துச் சொல்கிறோம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாசலில் நின்று பேசலாம், உள்ளே கூப்பிட்டால் "அம்மாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று திரும்பி வந்துவிட வேண்டும், பாட்டியாக இருந்தாலும் சரி. யாராவது "அம்மாகிட்ட சொல்லாத" என்று சொன்னால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும். தொடுவது பிடிக்கவில்லை என்றால் யாராக இருந்தாலும் கத்தலாம், அதற்குத் திட்டு விழாது. பெரியவளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

சின்னவள் எதிர் வீட்டுக்குப் போகும்போது எங்கள் கதவும் திறந்திருக்கும், நான் வாசலிலேயே நிற்பேன். நாலு எட்டுதான், ஆனால் அவளாகப் போய் அவளாகத் திரும்பி வந்தாள் என்ற பெருமை அவளுக்கு முழுசாகக் கிடைக்கும். வரப்போவதை அந்த வீட்டுக்காரர்களிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்காகவாவது நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டி வரும், அது ரொம்ப முக்கியம். நம் வீட்டுப் பெரியவர்கள் பழகாத வீட்டுக்குப் பிள்ளையை மட்டும் அனுப்புவது சரியில்லை.

பிள்ளை கேட்டுப் போய் இல்லை என்று திரும்பி வரவும் பழகட்டும். எங்கள் மாடியில் ஓர் அங்கிள், அவரும் பாவம் நைட் ஷிப்ட், பெல் அடித்தாலே எரிந்துவிழுவார். சின்னவள் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். அவர் ராத்திரியெல்லாம் முழித்திருந்து பகலில் தூங்குகிறவர், அவர் தூங்கும்போது மாடியில் ஓடாமல் இருப்பதும் நாம் அவருக்குச் செய்கிற உதவிதான் என்று சொன்னேன். இப்போது மற்றப் பிள்ளைகளையும் அவள்தான் "ஷ்ஷ்" என்று அடக்குகிறாள்.

---

கிள்ளான் வாசகி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கோத்தோங் ரோயோங் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமான்காரர்கள் (தாமான் என்றால் குடியிருப்பு) எல்லோரும் சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்வோம், புல் வெட்டுவோம், முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம். பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன துடைப்பம் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது கூரை மேல் ஏறி நின்றவர்களைப் படகு வைத்திருந்த சாதாரண ஆட்களே போய் இறக்கினார்கள். எங்கள் வீட்டிலும் அண்ணன் குடும்பம் அப்படித்தான் வெளியே வந்தது.

எனக்குச் சொல்லத் தோன்றியது வேறு. எங்கள் பக்கத்து வீடு மலாய்க் குடும்பம், அடுத்தது சீன ஆச்சி. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கும்போது மலாய் வீட்டுக்குப் புது டப்பாவில் தனியாக வைப்போம், அசைவம் சேர்ந்த எதையும் கொடுக்க மாட்டோம். ஏன் என்று மகன் கேட்டபோது, அவர்களுக்கு எது ஆகும் எது ஆகாது என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். நோன்பு மாதத்தில் பகலில் எதையும் நீட்டாதே, சாயங்காலம் கொண்டு போ என்றும் சொன்னேன். அவர்களும் ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்கு மாட்டிறைச்சி இல்லாத ரெண்டாங்தான் (தேங்காய்ப்பாலில் வற்றவைக்கிற இறைச்சிக் கறி) கொண்டு வருவார்கள், கோழியில் செய்தது. ஏழு வயது மகன் இப்போது சீன ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி, லட்டு வேண்டாம், ஆரஞ்சு கொடுப்போம் என்கிறான். பேராவூரணி டீச்சர் சொன்ன பல் கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

---

மேடவாக்கம் அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆவடி அக்கா சொன்னபடி முதலில் நான் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். அன்றைக்குக் காய்ச்சல் ராத்திரிக்கு ஒழுங்காக நன்றி சொன்னதே அப்போதுதான். பாட்டிக்குச் சொந்த ஊர் மாயவரம், எங்கள் பக்கம்தான், ஒன்றரை வருஷமாக எதிரெதிரே இருந்தும் எனக்குத் தெரியாது.

மறுநாள் பையன் கிண்ணத்தோடு போனான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மோர் ததும்பாமல், கால் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தான். ராத்திரி அவனே ஊற்றினான். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் தயிரைத்தான் போய்ப் பார்த்தான். கிண்ணத்தில் என்ன போட்டு அனுப்பலாம் என்றதற்குத் தன் கலர் பென்சில் ஒன்றைப் போட்டான், கூட நான் இரண்டு கொய்யாப்பழம் வைத்தேன். பென்சிலைப் பாட்டி திருப்பிக் கொடுக்கவில்லை, பால் கணக்கு எழுத வைத்துக்கொண்டார்.

போன வாரம் பாட்டியும் தாத்தாவும் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நேற்று மதியம் திரும்பி வந்தார்கள். நாலு மணி இருக்கும், பெல் அடித்தது, பாட்டி கையில் ஒரு டம்ளரோடு நிற்கிறார், என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துத்தான் கேட்டார்: "கண்ணா, ஊருக்குப் போயிட்டு வந்தேனா, வீட்ல மோரே இல்ல. ஒரு கரண்டி உறைக்குத் தரியா?"

அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்து மேஜை மேல் வைத்தான். ஒரு கரண்டி போதும் என்று பாட்டி சொல்லச் சொல்ல டம்ளர் நிறைய ஊற்றினான்.